அம்மன் கையில் எவர்சில்வர் சூலம்

ஒரு புத்தகத்தைப் படிக்காதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பாதி படித்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் பாதிகூடப் படிக்கவில்லை. இமயமலைப் பக்கத்து வெண்கலச் சிற்பங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று, பர் துபாயில் பழைய பத்திரிகைகள் விற்கும் கடையில் கிடைத்தது. படங்களை எல்லாம் பார்த்தேன். படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகளைப் படித்தேன். முன்னுரையில் தூங்கிவிட்டேன். இந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கள் கம்பெனி ஜி.எம். வீட்டு வரவேற்பறையில் கையில் ஆரஞ்சு ஜூஸோடு நின்று, அவருடைய துர்க்கை சிலைக்கு வயது சொன்னேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிறவர்கூடப் பிறந்த நேரம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

இரண்டாயிரம் பிறந்து முதல் சில வருடங்கள் அவை. துபாயில் காலையில் பார்த்த தெருவைச் சாயங்காலம் அடையாளம் தெரியாது. நடுவில் ஒரு கிரேன் முளைத்திருக்கும். முளைத்த கட்டடங்களுக்கெல்லாம் மாடிப்படிக் கைப்பிடியும் பால்கனிக் கம்பியும் எவர்சில்வரில் செய்து கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். வொர்க்‌ஷாப் அல் கூஸில் இருந்தது. நான் அக்கவுண்டன்ட். வொர்க்‌ஷாப்பின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட கேபினில் உட்கார்ந்து, வெளியே கம்பி ராவுகிற கிரைண்டர் போடுகிற கூச்சலில் நாளெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். வெளியே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, பரமக்குடி. கம்பியில் முகம் பார்த்து மீசை ஒதுக்கும்படி பாலிஷ் போடுவார்கள். அதில் அவர்களை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவே எனக்கு வினையாக வந்தது.

ஜி.எம். இங்கிலாந்துக்காரர். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அதுதான் பயம். துபாய்க்கு வருமுன் காட்மாண்டுவில் ஒரு ஹோட்டல் கட்டுகிற வேலையில் இருந்தவர். அங்கே ஒரு சந்துக்கடையில் வாங்கி, ஸ்வெட்டருக்குள் சுருட்டி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த சிலை அது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். எட்டுக் கைகள். ஒரு கால் எருமை முதுகில். வெட்டுண்ட எருமைக் கழுத்திலிருந்து அசுரன் எட்டிப் பார்க்கிறான், காலிங் பெல் கேட்டுக் கதவைத் திறந்தவன் மாதிரி. ஏழு கைகளில் ஏதேதோ ஆயுதங்கள். எட்டாவது கையில் ஒன்றுமில்லை. விரல் மட்டும் மடங்கியிருக்கும். உடம்பு முழுக்க அடுப்படிக் கரி போல ஒரு கறுப்பு.

கணக்கு முடித்த சந்தோஷத்தில் ஆபீஸ்காரர்களை ஜி.எம். வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். "இது எவ்வளவு பழையதாக இருக்கும்?" என்று பொதுவாகத்தான் கேட்டார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் எல்லாரும் புத்திசாலிகள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலையை அரைவட்டமாகச் சுற்றி வந்தேன். கண்ணைச் சுருக்கினேன். "பதிமூன்றாம் நூற்றாண்டு" என்றேன். ஏன் பதிமூன்று? பன்னிரண்டு என்றால் ஆசைப்பட்டுச் சொல்வதுபோல இருக்கும். பதினான்கு என்றால் தயங்குவதுபோல இருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூக்கைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தேன். "தலைமுறை தலைமுறையாகக் குங்குமம் வைத்து வைத்துத் தேய்ந்துபோன மூக்கு. விற்பதற்காகச் செய்த சிலையின் மூக்கு இப்படித் தேயாது. இது பூஜையில் இருந்த சிலை. ஒரு கோவிலில் இருந்திருக்கிறது." செம்பு அதிகம் கலப்பது நேபாளத்து வழக்கம் என்றேன். கறுப்பு என்பது காலத்தின் கையெழுத்து, அதை ஒருபோதும் துடைக்கக் கூடாது என்றேன். இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்னதில் புத்தகத்தில் இருந்தது.

ஜி.எம். முகம் வெளிறியது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவர் லீவில் ஊருக்குப் புறப்பட்டார். அவர் திரும்பி வருவதற்குள் வேறு வில்லாவுக்குச் சாமான்களை மாற்ற ஏற்பாடாகியிருந்தது. என்னைக் கூப்பிட்டு, துண்டில் சுற்றிய சிலையைக் கையில் கொடுத்தார். "சாமான் தூக்குகிற கம்பெனியிடம் இதைக் கொடுக்க மனமில்லை. இதன் மதிப்பு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் வந்ததும் ஒரு நிபுணர் துபாய்க்கு வருகிறார், ஏல நிறுவனத்துக்காரர். அவரிடம் காட்ட வேண்டும். அதுவரை இப்படியே இருக்கட்டும்."

இப்படியே. அந்த ஒரு சொல் பிறகு பல நாள் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சிலையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மீனா பஜாருக்குப் பின்னால் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். என் மனைவி துண்டை விலக்கிப் பார்த்தாள். எட்டுக் கையையும் பார்த்தாள், எருமையையும் பார்த்தாள், மறுபடி மூடினாள்.

"யாரைக் கேட்டுக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கூட்டிட்டு வரலம்மா, கொண்டு வந்திருக்கேன். சிலை."

"உங்களுக்குச் சிலை. எனக்கு ஆத்தா. அவ வந்து உட்கார்ந்தா வேளாவேளைக்கு விளக்கு, நைவேத்தியம். இங்க வெள்ளிக்கிழமைன்னா கோழி. அதுவும் உக்கிரமா நிக்கறவ. பொண்ணு பத்தாவது படிக்கிற வீட்ல தலை வெட்டின எருமையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"இது கலைப்பொருள்."

"அப்படின்னா அவகிட்டயே சொல்லிப் பாருங்க."

மறுநாள் காலையில் ஆத்தாவும் நானும் அல் கூஸுக்கு வண்டி ஏறினோம். என் கேபினில், இரும்பு பீரோவுக்கு மேலே, பழைய ஃபைல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போது ஃபோர்மேன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். அந்த வொர்க்‌ஷாப் முழுக்க அவர் கண் அசைவில் நடந்தது. கேபின் சாவி ஒன்றும் அவரிடம் இருந்தது.

"என்ன சார், அம்மனா?"

அவர் கேட்டது ஒரே கேள்வி. நான் சொன்ன பதில் டீ ஆறுகிறவரை நீண்டது. எழுநூறு வருஷம் என்றேன். இமயமலை என்றேன். மூக்கைக் காட்டினேன். கறுப்பைத் துடைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைக்காரரிடம் சொன்னதை வொர்க்‌ஷாப்பில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

"எழுநூறு வருஷமா!" என்று ஃபோர்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வளைகுடாவில் எல்லாப் பண்டிகையும் வெள்ளிக்கிழமைதான் வரும். பஞ்சாங்கம் செவ்வாய் என்று சொன்னாலும் புதன் என்று சொன்னாலும், பொங்கலும் தீபாவளியும் லீவு நாள் பார்த்துக் காத்திருக்கும். அந்த வருட ஆயுத பூஜையும் அப்படித்தான் வந்தது. வியாழன் மத்தியானம் வேலையை முடித்துவிட்டு மெஷின்களைக் கழுவ ஆரம்பிப்பார்கள். வெள்ளி காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சத்தமில்லாமல் ஒரு சூடம், ஒரு சுண்டல். யாரும் கேட்க மாட்டார்கள். நாங்களும் சொல்ல மாட்டோம். அந்த வியாழக்கிழமை நான் ஆடிட்டரைப் பார்க்க அபுதாபிக்குப் போயிருந்தேன்.

வெள்ளி காலையில், மனைவி கட்டிக்கொடுத்த சுண்டல் தூக்கோடு வொர்க்‌ஷாப்புக்குள் குனிந்து நுழைந்தேன். எல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது. டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. வளைக்கிற மெஷினுக்கு மாலை. வாழைக்கன்றை எங்கே பிடித்தார்களோ, இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். நடுவில், வெல்டிங் மேஜை மேல், சிவப்பு ரவிக்கைத் துணி விரித்து, அதன்மேல் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

எரியவில்லை. மேலே இருந்த டியூப் லைட் அதில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனேன். துர்க்கை. புதிதாக வாங்கிய செப்புக்குடம் மாதிரிச் சிவந்து, தகதகவென்று, எட்டுக் கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். எருமை முதுகில் என் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

"எப்படி சார்?" என்றார் ஃபோர்மேன். நான்கைந்து பேர் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளை உடுத்திக்கொண்டு வருவதைப் பார்க்கிறவர்கள் மாதிரி.

"என்ன செஞ்சீங்க?"

"மொதல்ல புளி போட்டுத்தான் சார் தேச்சோம். மெஸ்ல கேட்டு ஒரு உருண்டை வாங்கிட்டு வந்தோம். போகல. எழுநூறு வருஷ அழுக்குன்னு நீங்கதான் சொன்னீங்களே, அது சும்மா போயிருமா? அப்பறம் தம்பிதான் பாலிஷ் போடற பஃப் மெஷின்ல குடுத்தான்."

தம்பி என்றது பாலிஷ்காரரை. பரமக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். வெட்கத்தோடு முன்னால் வந்தார். "பெரிய வீல் போடல சார். சின்ன வீலு. காதுக்குள்ள, மூக்குக்குள்ள எல்லாம் துணி சுத்திக் கையாலயே எடுத்தேன். அவ்வளவும் கரி சார். எந்தக் காலத்துக் கரியோ!"

அப்போதுதான் எட்டாவது கையைப் பார்த்தேன். காலியாக இருந்த கை. அதில் ஒரு சூலம் இருந்தது. வெள்ளை வெளேரென்று, மூன்று முனையும் ஊசி மாதிரி.

"இது...?"

"நம்ம செஞ்சதுதான் சார்" என்றார் பாலிஷ்காரர். "எல்லாக் கையிலயும் ஒண்ணொண்ணு இருக்கு, இதுல மட்டும் ஒண்ணுமில்ல. ஆயுத பூஜையன்னிக்கு ஆத்தா வெறுங்கையோட நிக்கலாமா? மனசு கேக்கல."

"பத்தவச்சிருக்கு, ஆடாது" என்றார் ஃபோர்மேன், பெருமையோடு. "முந்நூத்திப் பதினாறு கிரேடு சார். கடக்காத்து பட்டாலும் துருப் பிடிக்காது. நீங்க சொன்ன எழுநூறு வருஷம் இன்னொரு தடவ போவட்டும், அந்தச் சூலம் இப்படியே இருக்கும்."

ஷட்டருக்குக் கீழே எங்கள் டிரைவர், பாகிஸ்தான் பட்டாணியர், தலையை நீட்டி, "அச்சா பாலிஷ் ஹை, பாய்" என்று மெச்சிவிட்டுச் சுண்டலுக்குக் கையை நீட்டினார். நானும் சுண்டல் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய? தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் உண்மையிலேயே வேண்டிக்கொண்டேன். ஆத்தா, நீ என்ன செய்வாயோ தெரியாது, அந்த வெள்ளைக்காரரை ஊரிலேயே ஒரு வருஷம் பிடித்து வை.

பிடித்து வைக்கவில்லை. அவர் வர ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் நான் கூட்டிய கணக்கெல்லாம் தப்பாக வந்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் மூன்று பேரும் ஒரு மாதத்துக்குள் பெட்டி கட்ட வேண்டும். பொண்ணு பத்தாவது பரீட்சையை எந்த ஊரில் எழுதுவாள்? ஒரு கோவில் சிலையை உருக்குலைத்துவிட்டு வேலை தேடுகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இன்டர்வியூவில் "முந்தின வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால், "பதிமூன்றாம் நூற்றாண்டுக்குப் பாலிஷ் போட்டுவிட்டோம்" என்று சொல்லவா?

வீட்டில் சொல்லவில்லை. "என்ன, சாப்பாடு இறங்கல?" என்று மனைவி கேட்டபோது வெயிலைக் காரணம் சொன்னேன். அக்டோபர் மாதத்தில் அது எடுபடவில்லை.

ஃபோர்மேனைக் கேபினுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். விஷயத்தைச் சொன்னேன். பழைய சிலையில் அந்தக் கறுப்புக்குத்தான் விலை, அதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டோம் என்றேன். அவர் சிலையின் தோளை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"அழுக்குக்கா சார் விலை?"

"ஆமா."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"பழையபடி கறுப்பாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"சார், நாங்க இத்தன வருஷமாப் பளபளப்பாக்கத்தான் படிச்சிருக்கோம். அழுக்காக்கற வேலை எங்களுக்குத் தெரியாது." சூலத்தை அசைத்துப் பார்த்தார். "சூலத்த வேணும்னா வெட்டி எடுத்துரலாம். ஆனா தழும்பு தெரியும்."

கடையில் கறுப்பு ஷூ பாலிஷ் வாங்கிவந்து எருமையின் வாலில் மட்டும் தடவிப் பார்த்தேன். ஷூ மாதிரி இருந்தது. துடைத்துவிட்டேன்.

பிறகு என் புத்தி இன்னொரு பக்கம் போனது. இதைச் செய்தது நானில்லையே. புளி வாங்கியது நானா? வீல் போட்டது நானா? நான் அபுதாபியில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை ஜி.எம்.மிடம் எப்படிச் சொல்வது என்று குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். "எனக்குத் தெரியாமல் நம் ஆட்கள்" என்று ஒரு தடவை. "ஒரு துரதிருஷ்டவசமான சம்பவம்" என்று ஒரு தடவை. அதில் யாருமே வரவில்லை, சம்பவம் தானாகவே நடந்தது. ஆனால் ஜி.எம். விடுகிற ஆளில்லை. குரலைத் தாழ்த்தி, "யார்?" என்பார். யார் என்று சொன்னால் பரமக்குடிக்காரர் அந்த வாரமே ஃப்ளைட் ஏறுவார். கூடவே ஃபோர்மேன். மூக்குக்குள் துணி சுற்றி எடுத்தேன் என்று அந்த ஆள் சொன்ன வெட்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் பெரிய தியாகி இல்லை. பெயர் சொன்னாலும் சிலையை அங்கே வைத்தது, வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடியது எல்லாம் நான்தான் என்று வந்து நிற்கும் என்பதும் தெரிந்தே இருந்தது. தியாகமும் கோழைத்தனமும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன. வசதியாகப் போயிற்று.

ஜி.எம். வந்து இறங்கிய மறுநாளே ஃபோன். "நிபுணர் ஹோட்டலில் இருக்கிறார். சிலையை நேராக அங்கே கொண்டு வந்துவிடுங்கள்." குரல் சாதாரணமாக இருந்தது. அதைக் கடைசித் தடவையாகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் அறையில் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்த மேஜை. நிபுணர் ஒரு அம்மாள். நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. ஜி.எம். எழுந்து நின்றிருந்தார். நான் சிலையை வைத்துத் துண்டை விலக்கினேன். ஜன்னல் வெளிச்சம் முழுவதும் அம்மன் மேல் விழுந்து, மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

அந்த அம்மாள் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"இது என்ன?" என்றார் ஜி.எம். குரல் தாழ்ந்துவிட்டது.

"நான்தான் சுத்தம் செய்தேன்" என்றேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "பூஜைக்காக. எங்கள் வழக்கம். தப்புத்தான்."

"அந்தச் சூலம்?"

"அதுவும் நான்தான்." வாழ்க்கையில் ஸ்க்ரூ டிரைவர்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன், பற்றவைத்ததாக ஒப்புக்கொண்டேன். ஜி.எம். என் கைகளைப் பார்த்தார். பேனா பிடித்துப் பிடித்துப் பூவாகிப்போன கைகள்.

அந்த அம்மாள் இதற்குள் சிலையைத் தலைகீழாகப் படுக்கவைத்துவிட்டார். அடியில் ஒரு தகடு மூடியிருந்தது. ஜி.எம்.மைப் பார்த்தார், ஜி.எம். தலையசைத்தார். ஒரு சிறு உளியால் தகட்டின் ஓரத்தை நெம்பி எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல இருந்தது.

"வாருங்கள், பாருங்கள்" என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். உள்ளே கறுப்பு அப்படியே இருந்தது. நம் ஆட்களின் துணி அங்கே எட்டவில்லை. "இந்தக் கறுப்புக்கு அடியில் கோடு கோடாகத் தெரிகிறதா? மின்சார கிரைண்டர் ஓடிய தடம்."

கிரைண்டரும் போட்டுவிட்டார்களா பாவிகள்!

"இது... எங்கள்..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லை. உங்களுடையது என்றால் கறுப்பின் மேலே இருக்கும். இது கறுப்புக்கு அடியில் இருக்கிறது. முதலில் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். புகையும் ரசாயனமும் கலந்தது. மூக்கையும் அரத்தால் ராவியிருக்கிறார்கள்." அவர் சிலையை நிமிர்த்தி வைத்தார். "காட்மாண்டுவுக்குப் பக்கத்தில் பாடன் ஊரில் இன்றைக்கும் அருமையாக வார்க்கிற கைகள் இருக்கின்றன. இது அவர்கள் வேலை. நல்ல வேலை. ஆனால் என் பொண்ணை விட வயது குறைவாகத்தான் இருக்கும். யார் இதைப் பதிமூன்றாம் நூற்றாண்டு என்று சொன்னது?"

நான் ஜன்னல் வழியாக வெளியே தெரிந்த கிரேனைப் பார்த்தேன்.

ஜி.எம். நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏமாந்த துக்கம், பிறகு என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"புதுசு" என்றார். "கடவுளே, புதுசு."

அப்புறம்தான் சொன்னார். இது கோவில் சிலை என்று நான் அன்றைக்குச் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லையாம். கடைச் சரக்கு என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். கோவிலில் இருந்தது என்றால் யாரோ திருடியது. திருடியதைத்தான் ஸ்வெட்டருக்குள் சுருட்டிக்கொண்டு எல்லை தாண்டியிருக்கிறோம். அந்த வாரமே ஊரில் இருக்கிற மனைவியிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறார். மனைவியோ, அது இருக்கிற வீட்டுக்குள் நான் வர மாட்டேன், எந்தக் கோவில் என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டாராம். நிபுணரை வரவழைத்தது விற்பதற்கு இல்லை. திருப்பிக் கொடுக்க விலாசம் தேடி.

"எந்த முகத்தோடு போய் அந்த ஊரில் நிற்பது என்று நினைத்து நினைத்து..." எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வேலை, விசா, பொண்ணின் பரீட்சை எல்லாம் அந்தக் குலுக்கலில் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன. நானும் கேட்காமலே அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் எதிரே மின்னிக்கொண்டிருந்த அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுநூறு வயது குறைந்ததில் அவளும் கொஞ்சம் நிம்மதியாக இருப்பதுபோலத்தான் பட்டது.

நிபுணர் அம்மாள் தகட்டைத் திரும்பப் பொருத்திக்கொண்டே, "இந்தச் சூலம் மட்டும் வேறு கை. சுத்தமான வேலை" என்றார். ஜி.எம். என் கைகளை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, "எங்கள் கம்பெனி வேலை" என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஓட்டிக்கொண்டு அல் கூஸ் வந்து சேர்ந்தபோது எனக்குப் பசித்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. வழியில் நிறுத்தி, பரோட்டாவும் டீயும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். அப்படி ஒரு பரோட்டா அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவில்லை.

வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனும் பாலிஷ்காரரும் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். நான் கேபின் வாசலில் நின்று நிதானமாகச் சொன்னேன். சிலை புதுசு, யாருக்கும் ஆபத்தில்லை என்பதை முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹோட்டல், மேஜை, ஜி.எம். குரல் தாழ்ந்தது என்று வரிசையாக வந்து, "நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேர் பேரையும் எடுக்கவே இல்ல. எல்லாப் பழியையும் நானே ஏத்துக்கிட்டேன்" என்ற இடத்தில் சற்று நிறுத்தினேன். நன்றி சொல்கிறவர்களுக்கு இடம் விட வேண்டுமல்லவா? பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

"அப்பாடா" என்றார் ஃபோர்மேன். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பாலிஷ்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வேளை சார், நீங்களாவே சொல்லிட்டீங்க. நாங்க அன்னிக்கே ரூம்ல உக்காந்து பேசி முடிச்சிட்டோம். கேள்வி வந்துச்சுன்னா, சார்தான் செய்யச் சொன்னாருன்னு எல்லாரும் ஒரே பேச்சா நின்னுரணும்னு. எங்களுக்கு இங்கிலீசு வராது பாருங்க. நீங்கன்னா எதையாவது பேசிச் சமாளிச்சிருவீங்க."